கைகாட்டி மரத்தில் இருபத்திரண்டு படி

ரயில்வே கோட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
6-5-1934

கிள்ளானில் அண்ணன் வீட்டில் சௌக்கியமாகக் கோபித்துக்கொண்டிருக்கும் இராஜம்மாளுக்கு, இங்கே தனியாக ஊதிக்கொண்டிருக்கும் நாகையா எழுதுவது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு.

திங்கட்கிழமை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியதைக் கோட்டர்ஸில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். கூட்ஸ் ஷெட்டில் தராசு பிடிக்கும் ரெங்கசாமி நேராக வாசலுக்கே வந்து, "என்னண்ணே, அண்ணி எங்க போறாங்க?" என்று கேட்டான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான்? "அவ அண்ணன் சம்சாரத்துக்குப் பிரசவம்டா, ஒத்தாசைக்குப் போறா" என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது என்பது அவன் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது கோட்டர்ஸ் முழுக்க உன் அண்ணன் வேலாயுதத்தை மெச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு போகவில்லை. ரெங்கசாமி சம்சாரம் பிரசவ லேகியம் ஒரு ஜாடி கிண்டி, கிள்ளானுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். அனுப்பியிருப்பேன். ருசி பார்க்காமல் ஒரு வீட்டுக்குப் பண்டம் அனுப்புவது மரியாதை இல்லையே என்று ஒரு விரல் தொட்டேன். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நீ ஏன் போனாய் என்பது மறக்கவில்லை. அன்று கைகாட்டி மரத்தில் சிக்னல் விளக்கை மாட்டப் போன நான், பாதி ஏணியில் மூச்சு முட்டி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றேன். நாலு பேர் சேர்ந்து மூட்டை இறக்கும் கயிற்றை என் இடுப்பில் கட்டி இறக்கினார்கள். "சீனி மூட்டைப்பா, பாத்து இறக்குங்க" என்று நான் மேலிருந்து சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த நீ மட்டும் தூக்குவாளியோடு அப்படியே நின்றாய். அப்புறம் வீட்டுக்கு வந்து, பயந்த வயிற்றுக்குப் பன்னிரண்டு தோசை வேண்டும் என்று கேட்டதுதான் தப்பு. எட்டோடு நிறுத்தியிருக்கலாம்.

சரி, நான் இளைக்க வேண்டும், அவ்வளவுதானே? ஒரே மாதத்தில் கொடியில் காயும் சட்டை மாதிரி ஆகிக் காட்டுகிறேன். நீ வந்து எடுத்து மடித்து வைத்தால் போதும்.

இப்போதைக்கு நூற்று அறுபத்திரண்டு கட்டி எடையுள்ள (ஒரு முழு அரிசி மூட்டையும் இன்னொன்றில் பாதிக்கு மேலும்),
உன் நாகையா


கிள்ளான்
10-5-1934

விளக்குக்காரருக்கு,

உறைமேல் உங்கள் பெயரை அண்ணன் எழுதினார். கட்டியவர் பெயரை நான் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை. கோபம் வந்துவிட்டது என்பதற்காக இருபத்துமூன்று வருஷப் பழக்கத்தை விட்டுவிட மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்து சேருமுன்பே உங்கள் புளுகு வந்து சேர்ந்துவிட்டது. நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பெண்கள் குழந்தைச் சட்டையும் வசம்பும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "புள்ளத்தாச்சி எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்கள். அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள், இன்னும் அண்ணனோடு பேசவில்லை. அவர் என்ன பாவம் செய்தார்?

கொடியில் காயும் சட்டையாக வேண்டாம். சட்டைக்கு மூச்சு கிடையாது. ரயில்வே ஆஸ்பத்திரியில் டிரசர் சபாபதியைப் போய்ப் பாருங்கள், சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கு இரண்டுமே வராது, தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

மாவு டின்னுக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் டின்பால் எனக்குத் தெரியும். அதில் எறும்பு விழுந்திருக்கிறது.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
27-5-1934

எறும்பைக்கூட எண்ணி வைத்திருக்கும் என் இராஜம்மாளுக்கு,

எறும்பை எடுத்துப் போட்டுவிட்டேன். மீதியை வீணாக்கவில்லை. அதுதான் கடைசி டின் என்று நினைத்துக்கொள்.

டிரசரிடம் போகவில்லை. ஊசி குத்துவார். அதற்குப் பதிலாக என் மூளையையே உபயோகித்தேன். சாப்பிடுவதால்தானே சதை வைக்கிறது? சாப்பிடாவிட்டால் போயிற்று. திங்கட்கிழமை வெறும் தண்ணீர். செவ்வாய், கஞ்சித் தண்ணீர். புதன்கிழமை விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது மண்ணெண்ணெய் நெய் மாதிரி மணத்தது. வியாழக்கிழமை காலையில் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்து சனாவுல்லா பாய் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தின.

"என்னண்ணே, மூஞ்சி காஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு?" என்றார் பாய்.

"நோன்பு பாய்" என்றேன்.

"நோன்பு எங்களுக்கே இன்னும் ஆறேழு மாசம் கெடக்கு. உங்களுக்கு எவன் பிறை பாத்துச் சொன்னான்? உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்தேன். எத்தனை ரொட்டி என்று முழுதும் எழுத வெட்கமாக இருப்பதால் பாதியை மட்டும் எழுதுகிறேன்: ஏழு. ஆட்டுக் குழம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச வேண்டாம்.

ஆனாலும் பட்டினி வீண்போகவில்லை. அன்று சாயந்திரமே கூட்ஸ் ஷெட் தராசில் ஏறி நின்றேன். ரெங்கசாமி எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தான். நூற்று ஐம்பத்தெட்டு! நாலு கட்டி இறங்கிவிட்டது. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்தெல்லாம் பக்காவாக இருக்கிறது. அடுத்த வண்டியில் கிளம்பி வந்துவிடு. வரும்போது அண்ணி போடும் எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி. பழைய ஜாடி கழுவித் தயாராக இருக்கிறது.

இளைத்துவிட்ட,
நாகையா


கிள்ளான்
2-6-1934

விளக்குக்காரருக்கு,

சீட்டை அண்ணனிடம் காட்டினேன். அவரும் கித்தங்கியில் சரக்கு மூட்டைகளை எடை போடுகிறவர்தானே. வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அண்ணி அவரோடு பேச ஆரம்பித்தாள். அந்த மட்டில் உங்களால் ஒரு நன்மை.

சீட்டின் ஓரத்தைப் பார்க்கவில்லையா? "இரட்டைச் சாக்கு, கழிவு 4" என்று எழுதியிருக்கிறது. மூட்டையை எடை போட்டால் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். ரெங்கசாமிக்குக் கை பழகிப்போய், உங்களுக்கும் கழித்துவிட்டார். உங்கள் வேட்டி சட்டையை இரட்டைச் சாக்கு என்று போட்டிருக்கிறார். நீங்கள் அந்த நூற்று அறுபத்திரண்டில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இனி எழுத மாட்டேன்.

என் அப்பாவும் உங்களைப் போலத்தான். எந்நேரமும் கேலி, எந்நேரமும் வாயில் ஏதாவது. கித்தங்கி மாடிக்கு மூட்டையோடு ஏறினவர் பாதிப் படியில் நின்று, என்னைப் பார்த்து, "இரு தாயி, மூச்சு வாங்கிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு. வருகிற மாசிக்கு உங்களுக்கு நாற்பத்தெட்டு. அன்று உங்களை இறக்கும்போது எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்.

ஆகையால் எனக்குத் தராசுச் சீட்டு வேண்டாம். அந்தக் கைகாட்டி மரத்துக்கு இருபத்திரண்டு படி. நானே கீழே நின்று எண்ணியிருக்கிறேன். நடுவில் நிற்காமல், மூச்சு முட்டாமல் ஏறி விளக்கை மாட்டுங்கள். ஆறு மாதம் ஆனாலும் சரி. முடிந்த நாளில் உண்மையை எழுதுங்கள், கிள்ளான் ரயில் அந்த மரத்தை ஒட்டித்தான் போகிறது, ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். அதுவரை இங்கேதான்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
15-7-1934

அன்புள்ள இராஜம்மாளுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தை வாசித்தபிறகு நாலு நாள் நான் யாரையும் கேலி செய்யவில்லை. ரெங்கசாமி பயந்துபோய் என்னை டிரசரிடம் இழுத்துக்கொண்டு போனான். "ஐயா, இவரு நாலு நாளா எனக்கு மரியாதை குடுத்துப் பேசுறாரு, என்னன்னு பாருங்க" என்றான்.

டிரசர் ஊசி போடவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், என் பட்டினிக் கதையையும் கேட்டார். பிறகு சொன்னார்: "கட்டிப்போட்ட மாட்டை அவுத்துவிட்டா என்ன ஆகும்? வேலியையும் சேத்து மேயும். பட்டினி கெடந்தா நீயும் அப்படித்தான். மாசத்துக்கு ரெண்டு கட்டி, மூணு கட்டி எறங்கினாப் போதும். ஒரு பழக்கத்த மாத்து. அது ஒட்டிக்கிச்சுன்னா அடுத்தது. இந்த ஒடம்பு ஒரு நாள்ல வந்ததில்ல பாரு."

"பதினஞ்சு வருஷமாச்சுங்க" என்றேன்.

"அப்ப அது போறதுக்கும் கொஞ்சம் மரியாதையா டயம் குடு" என்றார்.

முதல் பழக்கம் கோப்பி. டின்பாலை நிறுத்தினேன். கறுப்புக் கோப்பி முதல் வாரம் எஞ்சின் கரி மாதிரி இருந்தது. இப்போது கோப்பி மாதிரி இருக்கிறது. உண்மையில் இதுவரை நான் கோப்பியே குடித்ததில்லை போலிருக்கிறது.

இரண்டாவது, சோறு போடும் மங்கு. என் பெரிய மங்கைப் பரண்மேல் ஏற்றிவிட்டு உன் சின்ன மங்கில் சாப்பிடுகிறேன். ஒரு தடவைதான் சோறு. மீதி இடத்துக்குக் கீரை. வீட்டுக்குப் பின்னால் கங்கோங் கீரை போட்டிருக்கிறேன், முருங்கையும் துளிர்த்துவிட்டது. கீரையை நான்தான் சமைக்கிறேன். பூனை சாப்பிட மாட்டேன் என்கிறது. நான் சாப்பிடுகிறேன்.

மூன்றாவது, நடை. லைனில் போகும் டிராலியில் தொற்றிக்கொள்வதை விட்டு, யார்டு வரை தார்ச் சடக்கிலேயே நடந்து போகிறேன். முதல் நாள் வழியில் மூன்று பேர், "என்ன நாகையா, டிராலி ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். நான்தான் உடைத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

சனாவுல்லா பாய்க்கு நீ ஏதாவது சொல்லி அனுப்பினாயா? இரண்டு ரொட்டிக்கு மேல் கேட்டால், "மாவு தீந்துபோச்சுண்ணே" என்கிறார். சொல்லும்போது முழங்கை வரை மாவு.

ஒரு குற்றமும் உண்டு. உண்மையை எழுது என்றாயே. போன வாரம் இராமலிங்கம் வீட்டு நிச்சயதார்த்தத்தில் கேசரி. நாலு கரண்டி. ஐந்தாவது கரண்டி என்மேல் இரக்கப்பட்டுத் தானே விழுந்தது. மறுநாள் டிரசரிடம் போய், எல்லாம் போச்சு, இனிமேல் என்ன, பழையபடியே இருந்துவிடுகிறேன் என்றேன். "தடுக்கி விழுந்தா எந்திரிச்சு நடப்பியா, அங்கயே பாயப் போட்டுப் படுத்துக்குவியா?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

இனி கைகாட்டி மரம். அதில் எனக்கு மூன்று ஸ்டேஷன். ஏழாம் படி பெட்டாலிங், பதினான்காம் படி பத்து தீகா, இருபதாம் படி கிள்ளான். மூன்றிலும் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே போவது. இப்போது பெட்டாலிங்கில் வண்டி நிற்பதில்லை.

உன்,
நாகையா


கிள்ளான்
22-7-1934

விளக்குக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். அண்ணி மூன்று தடவை வாசித்தாள், கேசரி இடத்தை மட்டும்.

கீரையில் புளியை ஊற்றியிருப்பீர்கள். பூனைமேல் குற்றமில்லை. பூண்டு தட்டிப் போட்டு, உப்பைக் கடைசியில் போட்டு, மூடாமல் வேக விடுங்கள். முருங்கைக்கீரைக்குத் தேங்காய் ஒரு பிடி போதும், ஒரு மூடி இல்லை.

பாய்க்கு நான் சொல்லி அனுப்பவில்லை. எழுதினேன்.

ரயிலில் வரும் பக்கிரிசாமியிடம் இரண்டு கட்டி கொள்ளு கொடுத்தனுப்பியிருக்கிறேன். ரசம் வையுங்கள், சுண்டல் செய்யுங்கள். கொள்ளு யாருக்கு, எள்ளு யாருக்கு என்ற பழமொழியை நான் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

பத்து தீகாவில் நிற்பதில் தப்பில்லை. எல்லா வண்டியும் அங்கே நின்றுதான் போகும்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
21-10-1934

கொள்ளு அனுப்பிய புண்ணியவதிக்கு,

வாசிக்குமுன் உட்கார்ந்துகொள்.

இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமையே எழுதியிருப்பேன். அன்று பெட்டாலிங்கையும் பத்து தீகாவையும் நிற்காமல் தாண்டினேன். பதினெட்டாம் படியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அது பறக்கும் வரை நின்றேன். நான் நின்றது காகத்துக்காகவா மூச்சுக்காகவா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. உனக்குச் சந்தேகக் கணக்கு அனுப்ப வேண்டாமென்று எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காகம் இல்லை. இருபத்திரண்டு படியும் ஏறினேன், இராஜம்மா. எங்கும் நிற்கவில்லை. விளக்கை மாட்டிவிட்டு அங்கிருந்து பார்த்தேன். நம் கூரை தெரிகிறது, பாய் கடைப் புகை தெரிகிறது. பதினெட்டு வருஷமாக அந்த மரத்தில் ஏறுகிறேன், மூச்சு வாங்குவதிலேயே போய்விட்டது, ஒரு நாளும் சுற்றிப் பார்த்ததில்லை. கீழே வந்ததும் ரெங்கசாமியிடம், "டேய், என்னை அண்ணாந்து பாத்துப் பாத்து ஒன் கழுத்து சுளுக்கியிருக்குமே" என்றேன். "அப்பாடா, அண்ணனுக்கு ஒடம்பு சரியாயிருச்சு" என்றான்.

நேற்று தராசிலும் ஏறினேன். நூற்று நாற்பத்தொன்பது. ஓரத்தில் "சாக்கு இல்லை" என்று எழுதி ரெங்கசாமி இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். டிரசர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்றார், அவசரமில்லையாம். தீபாவளிக்கு முறுக்கு உண்டா என்று கேட்டேன். உண்டாம். எண்ணிக்கையை உன்னிடம் கேட்கச் சொன்னார்.

ஒரே ஒரு இடைஞ்சல், என் காக்கிக் கால்சட்டை. பழைய நாகையாவுக்குத் தைத்தது, புது நாகையா அதற்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன். பிடித்துத் தைக்கலாமென்று ஊசியை எடுத்து, கட்டைவிரலைத் தைத்துக்கொண்டேன். தற்போதைக்கு விளக்குத் திரியில் ஒரு முழம் வெட்டி இடுப்பில் கட்டியிருக்கிறேன். நன்றாகவே நிற்கிறது.

சனிக்கிழமை சாயந்திர வண்டியில் வா. இடது பக்க ஜன்னல். அந்த நேரத்துக்கு நான் ஏறுவேன்.

உன்,
நாகையா


கிள்ளான்
24-10-1934

விளக்குக்காரருக்கு,

சனிக்கிழமை வருகிறேன். இடது ஜன்னல்.

மூச்சு முட்டினால் நின்றுவிடுங்கள். நான் பார்க்கிறேன் என்பதற்காக ஏற வேண்டாம். நீங்கள் நின்றால் நான் திரும்பிப் போய்விடுவேன் என்று நினைத்தால், என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி என்ன தெரிந்துகொண்டீர்கள்?

திரி விளக்குக்கு, இடுப்புக்கு அல்ல. நல்ல கயிறாக ஒன்று வாங்கிக் கட்டுங்கள்.

இராஜம்மா


வீடு
27-10-1934, சாயந்திரம்

விளக்குக்காரருக்கு,

இதை மாவு டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன். வேலை முடிந்து வந்தால் நீங்கள் முதலில் கை விடும் இடம் அதுதான். வேறு எதுவும் அங்கே இல்லை, பார்த்துவிட்டேன். சந்தோஷம்.

சாவியைப் பாய் கொடுத்தார். என் பெட்டியை உள்ளே வைத்துவிட்டேன். கொள்ளு ரசம் அடுப்பில் இருக்கிறது. சின்ன மங்கு எனக்கு வேண்டும், உங்களுக்கு அதே அளவில் ஒன்று பாசாரில் வாங்கி வருகிறேன். ஊசியும் காக்கி நூலும் வாங்க வேண்டும். விளக்கு வைக்குமுன் வந்துவிடுவேன்.

நீங்கள் ஏறியதைப் பார்த்தேன். வண்டிக்குக் கைகாட்டி இறங்காததால், அந்த மரத்தருகிலேயே வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். ஏழாம் படியில் நீங்கள் நிற்கவில்லை. பதினான்காம் படியில் நிற்கவில்லை. இருபதாம் படியில் நிற்கவில்லை. இருபத்திரண்டாம் படியில் விளக்கை மாட்டக் கையை நீட்டினபோது திரி அவிழ்ந்தது. ஒரு கையில் விளக்கு இருந்தது, இன்னொரு கை ஏணியில் இருந்தது. கால்சட்டை கணுக்காலுக்கு வந்தது. கோவணம் வெளுத்ததாகத்தான் இருந்தது. விளக்கை ஒழுங்காக மாட்டினீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரும்மா அந்த ஆளு? பேரு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள்.

"தெரியும். ஆனா நான் சொல்லக் கூடாது" என்றேன்.

எதிரே இருந்த பெரியவர் எழுந்து எனக்கு ஜன்னலை மூடிவிட்டார். கைகாட்டி இறங்கியது. வண்டி புறப்பட்டது.

இராஜம்மா